கார்வேட்டிநகரம் போக வேண்டாத பயிற்சி

பழைய சித்தூர் மாவட்டத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்தாலே, அங்கே ஆசிரியர் பயிற்சி என்பது எவ்வளவு பெரிய பயணமாக இருந்திருக்கும் என்று புரிந்துவிடும். மேற்குக் கோடியில் குப்பம். அங்கிருந்து கோலாரும் கிருஷ்ணகிரியும் பக்கம். சொந்த மாவட்டத் தலைநகர்தான் தூரம். கிழக்குக் கோடியில் சத்தியவேடு. அந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய ஊர் என்றால் சென்னைதான். நடுவில் 66 மண்டலங்கள். இத்தனை மண்டலத்து ஆசிரியர்களுக்கும் பொதுவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், எல்லோரும் 'டயட்' என்று சொல்லும் இடம், பழைய ஜமீன் ஊரான கார்வேட்டிநகரத்தில் இருக்கிறது. குப்பத்து ஆசிரியர் அங்கே போக வேண்டுமென்றால் கோழி கூவும் நேரத்தில் கிளம்பி, பலமநேரைத் தாண்டிச் சித்தூரில் இறங்கி, புத்தூர் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும்.

இன்று அதே குப்பத்து ஆசிரியர் இரவுச் சாப்பாடு முடிந்தபின், கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தில்லியில் தயாரான பாடத்தைக் கேட்கிறார். கேட்டு முடித்தால் கேள்விகள். பதில் சரியாக இருந்தால் சான்றிதழ் அதே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை.

பணியில் இருக்கும் ஆசிரியருக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும் என்ற எண்ணமே பழையதல்ல. ஆசிரியர் தினத்துக்குக் காரணமான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896இல் படிக்க வந்தது திருப்பதியிலிருந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளிக்கு. அவர் பிறந்த திருத்தணியும் 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதிலிருந்து 1960 வரை இதே மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்து ஆசிரியர் பணிக்கு முன்னால் ஒருமுறை ட்ரெயினிங் முடித்தால், ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அதுவே கைமுதல். இடையில் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வாய்ப்பு என்றால், இன்ஸ்பெக்டர் வந்து குறை சொல்லிவிட்டுப் போகும் நாள்தான். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஆசிரியர்களின் முகம் சென்னையை விட்டுக் கர்நூல் பக்கமும் பிறகு ஹைதராபாத் பக்கமும் திரும்பியது. 1954இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது. கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் அன்றாடத்தில் இவற்றால் பெரிய மாறுதல் இல்லை.

மாறுதல் 1986இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையோடு தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு டயட் என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்ததுதான். ஆண்டுக்கு 5 லட்சம் ஆசிரியர்களை எட்ட வேண்டும் என்ற இலக்கோடு நாடு முழுவதும் விடுமுறைப் பயிற்சிகள் நடந்தன. 2001இல் சர்வ சிக்ஷா அபியான் வந்தபோது, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டில் 20 நாள் பயிற்சி, அதற்கு நாளொன்றுக்கு 70 ரூபாய் என்று விதி எழுதினார்கள். மண்டலத்துக்கு ஒரு வள மையம், அதற்குக் கீழே பத்துப் பள்ளிகளுக்கு ஒரு ஸ்கூல் காம்ப்ளெக்ஸ் என்று அடுக்கு அமைந்தது.

அந்த மண்டல வள மையப் பயிற்சிகளைப் பற்றி இன்றைய இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஹாலில் எண்பது பேர். தரையில் ஜமக்காளம். சார்ட்டு, ஸ்கெட்ச் பேனா, தெர்மகோல், கத்தரிக்கோல். காலையில் ஒருவர் கையேட்டைப் பார்த்து வாசிப்பார். பலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் பின் வரிசைக்குப் போய்விடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும். இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சாப்பாட்டு வரிசையில்தான் ஓர் ஆசிரியர் இன்னொருவரிடம், "உங்க பசங்களுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் எப்படிச் சொன்னீங்க, எங்க பசங்களுக்கு ஏறவே மாட்டேங்குதே" என்று கேட்டார். கையேட்டில் இல்லாத பயிற்சி அங்கே நடந்தது. யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை.

பயிற்சி மேலிருந்து கீழே இறங்கும் விதம்தான் அன்றைய பெரும் பலவீனம். மாநில அளவில் தயாராகும் பாடத்தைக் கற்க ஒருசிலர் வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் ஏறி ஹைதராபாத் போவார்கள். அவர்கள் திரும்பி வந்து மாவட்டத்தில் சிலருக்குச் சொல்ல, அவர்கள் மண்டலத்தில் பலருக்குச் சொல்ல, கடைசியில் நிண்ட்ரா பக்கத்து ஓராசிரியர் பள்ளிக்கு வந்து சேரும்போது ஐந்து நாள் பாடம் ஒன்றரை நாள் பாடமாகச் சுருங்கியிருக்கும். ஓராசிரியர் பள்ளிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் பள்ளியைச் சாத்த வேண்டும், அல்லது பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை இரவல் வாங்க வேண்டும். குழந்தைகளுக்காக நடக்கும் பயிற்சிக்குக் குழந்தைகளின் பாட நாட்களையே விலையாகக் கொடுத்தோம். நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்கள் இதற்கு மேலும் ஒன்றைச் சுமந்தார்கள். பயிற்சி முழுக்கத் தெலுங்கில் நடக்கும். வகுப்பறைக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே மனத்துக்குள் அதைத் தமிழாக்கிக்கொள்ள வேண்டும்.

தூரத்தைத் தொழில்நுட்பத்தால் தாண்டலாம் என்ற கனவு இந்தப் பகுதிக்கு மிக அருகிலேயே பலமுறை வந்து போனது. 1975-76இல் நாசாவின் செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆந்திரம் உட்பட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுபோனபோது, அதன் ஒரு பகுதியாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சுமார் 50,000 பேருக்கு அறிவியல் பயிற்சி கொடுத்தார்கள். உலகின் மிகப் பெரிய கல்வி முயற்சிகளில் ஒன்று அது. சித்தூர் அந்தப் பட்டியலில் இல்லை. 2002 பிப்ரவரியில் ஹியூலட் பேக்கார்ட் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து குப்பத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்ற மூன்று ஆண்டுத் திட்டத்தைத் தொடங்கின. கணினித் தகவல் மையங்கள் கிராமங்களுக்கு வந்தன. இணையம் என்ற ஒன்றைக் குப்பத்து மக்கள் பலர் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். 2004 செப்டம்பர் 20ஆம் தேதி, கல்விக்கென்றே இந்தியா செய்த முதல் செயற்கைக்கோளான எடுசாட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. அந்தத் தீவு அன்றைக்கு நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஹைதராபாத்திலிருந்து 'மன டிவி' வழியாகவும் ஆசிரியர்களுக்குப் பாடம் ஒளிபரப்பானது.

இவை எல்லாவற்றிலும் பாடம் ஒரே திசையில்தான் ஓடியது. பெட்டி பேசும், ஆசிரியர் கேட்பார். தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்க வாய்ப்பு வந்தாலும், மாநிலத்துக்கே பத்துக் கேள்விக்கு மேல் நேரம் இராது.

அதே காலத்தில், அதே மாவட்டத்தில், மின்சாரமே தேவைப்படாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது அங்கேதான்.

மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் வளர்ந்தது ரிஷிவேலிப் பள்ளி. 2022இல் அந்தப் பகுதி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போகும்வரை அதுவும் சித்தூர் மாவட்டம்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் வசதியுள்ள பிள்ளைகளின் பள்ளி என்றே பலரும் அதை அறிவார்கள். ஆனால் 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவும் ரமாவும் அங்கே ஊரகக் கல்வி மையத்தில் எடுத்துக்கொண்ட வேலை வேறு. பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த குக்கிராமங்களில் சின்னச் சின்னப் பள்ளிகள் தொடங்கினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். விவசாய வேலை வந்தால் பிள்ளைகள் பத்து நாள் வர மாட்டார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். இந்த நிலைமைக்குப் பாடப்புத்தகம் பொருந்தவில்லை. ஆகவே புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்ன வேலை, ஒரு சின்னம். எந்த அட்டைக்குப் பின் எது என்பதைச் சுவரிலுள்ள கற்றல் ஏணி காட்டும். குழந்தை தான் விட்ட படியிலிருந்து தானே ஏறும். உள்ளூர்ப் பாட்டும் விடுகதையும் கதையும் அந்த அட்டைகளுக்குள் வந்தன. மொத்தமும் ஒரு பெட்டிக்குள் அடங்கியதால் 'பெட்டிக்குள் பள்ளி' என்றே பெயர் வந்தது.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தம் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். அவர்கள் அங்கே சென்று பார்த்தார்கள். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார்கள். திரும்பி வந்து தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்றபடி அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். முதலில் 13 பள்ளிகள், பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்தும், 2007-08இல் மாநிலம் முழுவதும். தமிழ்நாட்டில் கற்றல் ஏணி, கம்பிப் பந்தல், கீழ்மட்டக் கரும்பலகை என்ற சொற்களெல்லாம் பள்ளிகளில் புழங்கிய அந்தச் செயல்வழிக் கற்றலின் வேர் சித்தூர் மாவட்டத்துக் குக்கிராமங்களில் இருக்கிறது. மாநிலம் முழுக்க ஒரே வேகத்தில் விரித்தபோது அதன் உயிர் பல இடங்களில் மெலிந்ததும் உண்மைதான். அட்டையைத் தாமே செய்த ஆசிரியரிடம் அது வேலை செய்தது. அச்சடித்து வந்த அட்டையை அலமாரியில் வாங்கி வைத்தவரிடம் செய்யவில்லை. கருவி எதுவாக இருந்தாலும் இந்த வேறுபாடு மாறுவதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். அட்டைக்குப் பொருந்தியது, இன்றைய இணையக் கருவிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இப்போது இணையத்துக்கு வருவோம். 2017 செப்டம்பர் 5ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, தீக்ஷா என்ற தேசியத் தளம் தொடங்கியது. பாடப்புத்தகத்தில் அச்சான க்யூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். 2019 ஆகஸ்டு 21ஆம் தேதி நிஷ்டா பயிற்சி வந்தது. தொடக்கக் கல்வி ஆசிரியர்கள் 42 லட்சம் பேருக்கு நேரடிப் பயிற்சி என்பது அதன் திட்டம். ஏழு மாதத்தில் ஊரடங்கு வந்து எல்லாக் கூடங்களையும் பூட்டியது. 2020 ஜூலை 16ஆம் தேதி நிஷ்டாவின் முதல் இணையவழிப் பயிற்சியை மத்திய அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் தொடங்கி வைத்தார். நாட்டிலேயே முதலில் அதில் உட்கார்ந்தவர்கள் ஆந்திரப் பிரதேசத்தின் முதன்மைக் கருத்தாளர்கள் 1,200 பேர். அதே ஆண்டு அக்டோபரில் 18 பாடத்தொகுதிகளாக அது தீக்ஷாவில் நாட்டின் எல்லா ஆசிரியர்களுக்கும் வந்தது. கற்பித்தலிலும் மதிப்பீட்டிலும் தகவல் தொழில்நுட்பத்தை எப்படிச் சேர்ப்பது என்பதும் அவற்றில் ஒரு தொகுதி.

அந்த ஊரடங்குக் காலத்தை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார். பத்தாம் வகுப்புப் பாடங்கள் சப்தகிரி தொலைக்காட்சியில் ஓடின. வாட்ஸாப் குழு, ஜூம், கூகுள் ஃபார்ம், யூடியூப் ஆகிய நான்கையும் சில மாதங்களில் ஆசிரியர்கள் கற்றார்கள். பெரும்பாலும் எந்தப் பயிற்சியும் சொல்லித்தரவில்லை. வீட்டிலிருந்த கல்லூரி மகளோ, பக்கத்துப் பள்ளி இளைய ஆசிரியரோ சொல்லித்தந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியைகள் கைப்பேசியை அரிசி டப்பாவின் மேல் நிறுத்தி, கரும்பலகையில் எழுதுவதை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அந்த உழைப்புக்கு இன்னும் யாரும் உரிய மரியாதை செய்யவில்லை.

இணையவழிப் பயிற்சி கொடுத்தவற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஓராசிரியர் பள்ளி பூட்டப்படுவதில்லை. கைக்குழந்தை இருக்கும் ஆசிரியை, மாமியாருக்கு உடம்பு சரியில்லாத ஆசிரியை, ஊர்விட்டு ஊர்போய் ஐந்து நாள் தங்க முடியாததால் முன்பெல்லாம் பின்தங்கியவர்கள், இப்போது மற்றவர்களோடு சமமாக நிற்கிறார்கள். தில்லியில் பேசும் நிபுணரின் பேச்சு நிண்ட்ராவுக்கும் முழுதாக வந்து சேர்கிறது. இடையில் யாரும் சுருக்குவதில்லை. புரியாத இடத்தை இரண்டாம் முறை கேட்கலாம். தமிழ் வழி ஆசிரியர் தீக்ஷாவில் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று மாற்றினால் போதும், எல்லைக்கு அப்பாலுள்ள பாடப்பொருள் எல்லாம் அவருக்குத் திறக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் மின்சுற்றையும் ஊசலையும் திரையிலேயே செய்து பார்க்கலாம். தெலுங்கிலும் தமிழிலும் இருக்கிறது, காசு கிடையாது. ஆய்வகமே இல்லாத ஜில்லா பரிஷத் பள்ளி அறிவியல் ஆசிரியருக்கு இது சின்ன விஷயமல்ல. கம்பி, பல்பு, பேட்டரி மூன்றும் பள்ளியில் இல்லாத நாளில் மின்சுற்றைக் கரும்பலகையில் கோடாக வரைந்து காட்டியவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் பயிற்சியின் நடப்பைப் பாருங்கள். வீடியோ ஓட வேண்டும், பக்கங்கள் புரள வேண்டும், கடைசியில் கொள்குறி வினாக்களில் 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். சில நாட்களில் விடைகள் யூடியூபில் வந்துவிடுகின்றன. வாட்ஸாப் குழுக்களில் ஒன்று ஏ, இரண்டு சி என்று பட்டியல் பரவுகிறது. வீடியோ ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். இதை ஆசிரியர்களின் சோம்பல் என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பகலெல்லாம் அவர்களின் கைப்பேசி வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறது. மதிய உணவுக் கணக்கு, கழிப்பறைப் படம், மாணவர் வருகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி. 2022 ஆகஸ்டில் முகப்பதிவு வருகைச் செயலி வந்தபோது, கருவி தராமல் சொந்தக் கைப்பேசியில் போடச் சொல்வதை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அந்தக் குரல்களுக்குப் பிறகு 2025இல்தான் பல செயலிகளை 'லீப்' என்ற ஒன்றுக்குள் கொண்டுவந்தார்கள். பகல் முழுக்கப் படம் பிடித்துப் பதிவேற்றிய கண்களுக்கு, அதே திரையில் இரவில் வரும் பயிற்சி இன்னொரு படிவமாகத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. வகுப்பறையில் இணையக் கருவியைப் பயன்படுத்தக் கற்பது வீடியோ பார்த்து வருவதல்ல. கூகுள் ஃபார்மில் வினாத்தாள் செய்வதைப் பத்து நிமிடத்தில் சொல்லித்தரலாம். நாற்பது பிள்ளைகள், வகுப்புக்கு ஒரே திரை, பாதியில் போகும் நெட்வொர்க் என்ற நிலையில் அந்தப் படிவத்தை வைத்து என்ன செய்வது என்பது வேறு கேள்வி. எந்தக் கேள்வியில் பாதிப் பிள்ளைகள் தவறினார்கள் என்று படிவம் காட்டிய பிறகு, மறுநாள் காலை அந்த ஆசிரியர் பாடத்தை எப்படி மாற்ற வேண்டும்? இதை இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். அல்லது, தான் செய்து பார்த்ததைச் சக ஆசிரியர்கள் முன் வைத்துப் பேசினால் பிடிபடும். அன்றைய பயிற்சி ஆசிரியரை வகுப்பறையிலிருந்து பிரித்தது. இன்றைய பயிற்சி வகுப்பறைக்கே வந்துவிட்டது. ஆனால் சக ஆசிரியர்களிடமிருந்து பிரித்துவிட்டது.

கருவிகளின் ஆயுளையும் சொல்லியாக வேண்டும். உலகெங்கும் ஆசிரியர்கள் வகுப்பு நடத்தப் பழகிய எட்மோடோ தளம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி ஆந்திர அரசு எட்டாம் வகுப்பு மாணவர்கள் 4,59,564 பேருக்கும் ஆசிரியர்கள் 59,176 பேருக்கும் பைஜூஸ் பாடங்கள் நிரப்பிய டேப்லெட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியது. இணையமே இல்லாத ஊரிலும் ஓடும்படி பாடங்கள் உள்ளேயே ஏற்றப்பட்டிருந்தது நல்ல யோசனை. 2024 ஜூலையில் பைஜூஸ் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போனது. ஒரு தளத்தின் பொத்தான்களை மட்டும் கற்ற ஆசிரியரின் கல்வி அந்தத் தளத்தோடு முடிந்துவிடும். பின்னத்தை ஏன் படமாகக் காட்ட வேண்டும், எப்போது காகிதத்தை மடித்துக் காட்டினாலே போதும் என்று தீர்மானிக்கக் கற்றவருக்குத் தளம் மாறினால் கவலையில்லை. பயிற்சிகள் இந்தத் தீர்மானத்தைக் கற்றுத்தர வேண்டும். பெரும்பாலானவை பொத்தான்களோடு நின்றுவிடுகின்றன.

வேறு வழி இல்லையா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. கேரளம் 2001இல் ஐடி@ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியபோது பயிற்சியாளர்களை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே தலைமைப் பயிற்சியாளர்களை எடுத்தது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டுக் கட்டற்ற மென்பொருளுக்குப் போனது. அதனால் ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்கு வேண்டியதைத் தாங்களே மாற்றிக்கொள்ள முடிந்தது. குப்பத்தை ஒட்டிய கர்நாடகத்தில் பெங்களூரின் ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பும் அரசும் சேர்ந்து, உயர்நிலைப்பள்ளிக் கணித, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கேட்டுக்கொள்ளும் வலைப்பின்னலை வளர்த்தன. குப்பத்துக்கு அருகிலேயே, 1999இல் ராம்ஜி ராகவன் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம் இருக்கிறது. வண்டியில் அறிவியல் கருவிகளை ஏற்றிக்கொண்டு அரசுப் பள்ளி வாசலுக்குப் போவதில் பெயர் பெற்ற அமைப்பு; ஆசிரியர்களும் அங்கே வந்து கையால் செய்து கற்கிறார்கள். தென்னை ஓலையிலும் பழைய பாட்டிலிலும் அறிவியலைக் காட்டக் கற்ற ஆசிரியருக்கு, ஃபெட் திரையில் எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டத் தேவையில்லை என்பது தானாகத் தெரியும்.

இப்போதைய தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. முன்பு எழுதிய 20 நாள் விதியோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. அதனால் இந்த 50 மணியையும் எப்படிச் செலவிடுகிறோம் என்பது முக்கியமாகிறது. வசதிகள் வேகமாக வருகின்றன: நாட்டில் இணையம் உள்ள பள்ளிகள் 2023-24இல் 53.9 விழுக்காடாக இருந்து, 2024-25இல் 63.5 விழுக்காடாயின. ஆந்திரத்துப் பள்ளிகள் பலவற்றில் தொடுதிரைப் பலகைகளும் ஸ்மார்ட் டிவிகளும் வந்துவிட்டன. திரைக்குக் குறைவில்லை.

என் யோசனை இதுதான். 50 மணியில் பாதியைத் தீக்ஷாவுக்குக் கொடுக்கலாம். மறுபாதியை ஸ்கூல் காம்ப்ளெக்ஸ் கூட்டங்களுக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டும் என்று 1964-66 கோத்தாரிக் கல்விக் குழு சொன்ன நோக்கம் அதுதான். இன்று அந்தக் கூட்டங்களில் பெரும் நேரம் சுற்றறிக்கை வாசிப்பதிலும் புள்ளிவிவரம் கேட்பதிலும் போகிறது. அதற்குப் பதிலாக, அந்த மாதம் ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் செய்து பார்த்ததைப் பத்து நிமிட வீடியோவாக அதே பெரிய திரையில் போட்டுக் காட்டட்டும். சரியாக வராததையும் காட்டட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். சான்றிதழுக்குக் கொள்குறி வினா வேண்டாம். தம் வகுப்பில் செய்து பார்த்த ஒரு பாடமும், அதைப் பார்த்த சக ஆசிரியர் இருவரின் குறிப்பும் போதும்.

தமிழ் வழி ஆசிரியர்களுக்கு இதில் இன்னும் ஒரு படி போகலாம். நகரியில் சிலர், சத்தியவேட்டில் சிலர், குப்பத்தில் சிலர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். இப்போது சித்தூர், திருப்பதி என்று இரண்டு மாவட்டங்களாகவும் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் ஒரே கூடத்தில் கூடுவது கடினம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை வீடியோ அழைப்பில் கூடுவது எளிது. எல்லைக்கு அப்பால் பள்ளிப்பட்டிலும் திருத்தணியிலும் தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் அந்த அழைப்பில் சேரலாம். இரண்டு மாநிலங்களின் கல்வித் துறைகளும் ஒரே ஓர் உத்தரவில் இதற்கு அனுமதி கொடுத்து, அந்த நேரத்தை 50 மணிக் கணக்கில் சேர்த்தால் போதும். கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது.